மாங்கன்றின் இலை நிற மாற்றமும் காரணம் அறியும் முறையும்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்கள் மா விளைச்சலுக்குப் பெயர் பெற்றவை. நட்ட முதல் நான்கு ஆண்டுகளில் மாங்கன்றின் இலைகளில் தோன்றும் வெளிறல், மஞ்சள், செம்மை, கருகல் ஆகியவற்றுக்குக் காரணங்கள் பல. பேச்சு வழக்கில் அவை 'மஞ்சளடித்தல்', 'கருகல்' என்னும் ஓரிரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் காரணத்திற்குப் பொருந்தாத உரமோ மருந்தோ இடப்படும் நிலை உருவாகிறது. இலையின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பு, நிறம் மாறிய இலையின் வயது, இலையில் மாற்றம் தோன்றும் இடம், தோப்பில் அது பரவியுள்ள விதம், அப்பகுதியின் மண், நீர் ஆகியவற்றைக் கேட்பதே சரியான வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாங்கன்று, இலை வெளிறல், இரும்புப் பற்றாக்குறை, சுண்ணாம்பு மண், குளோரைடு கருகல், கரிசல், செவல், தளிர்.

முன்னுரை

மா நீண்டகாலப் பயிர். ஒட்டுக்கன்று நட்ட முதல் சில ஆண்டுகளில் உருவாகும் வேர்த்தொகுதியும் கிளையமைப்புமே பிந்தைய பல பத்தாண்டுகளின் விளைச்சலைத் தாங்குகின்றன. அந்தத் தொடக்கக் காலத்தில் கன்றின் உடல்நிலையை வெளிப்படுத்தும் முதன்மையான உறுப்பு இலை. பூவும் காயும் இல்லாத பருவத்தில் உழவர் பார்த்து அறியக்கூடியது இலையின் நிறமும் வடிவமும் மட்டுமே.

ஆயினும் இலையின் நிறத்தை மட்டும் கொண்டு காரணத்தைத் துணிய இயலாது. தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். இரும்பு கிட்டாவிட்டாலும் மஞ்சளாகும். வேரடியில் நீர் தேங்கினாலும் மஞ்சளாகும். இம்மூன்றுக்கும் யூரியாவே மருந்து எனக் கொண்டால், முதலாவது கன்று தேறும். இரண்டாவது கன்றின் வெளிறல் கூடும். மூன்றாவது கன்று பட்டுப்போகவும் கூடும். உரச்செலவு மூன்றிலும் ஒன்றே. இழப்பு, ஒட்டுக்கன்றின் விலையோடு நில்லாது அது வளர்ந்த ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்கிறது. காரணத்தை முறையாக அறிவதன் தேவை இங்கிருந்து தொடங்குகிறது.

நிலமும் நீரும்

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிக்கப்பட்ட இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலம். மேற்கே மலையடிவாரத்தை நெருங்குகையில் செவல் மண் மிகுதியாகிறது. அய்யனார் கோயில் ஆறு, செண்பகத்தோப்பு ஓடைகள் முதலான மலைநீர் வரத்துகள் அடிவாரத் தோப்புகளின் கிணறுகளுக்கு ஊற்றளிக்கின்றன. சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மா வகைகளோடு இராஜபாளையத்தின் பெயர் இணைந்திருப்பதற்கு இந்த அடிவார நிலமே அடிப்படை.

நிறமாற்றத்தின் காரணத்தை அறிவதில் இந்த மண் வேறுபாடு முதன்மையான இடம் பெறுகிறது. வடிகால் நன்கமைந்த செவல் மண்ணில் மாவின் வேர் எளிதாக இறங்கும். ஆனால் மணற்பாங்கான செவலில் சத்துகள் நீரோடு அடித்துச் செல்லப்படுவதும் எளிது. கரிசலில் சத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதிகம். அதே வேளையில் களித்தன்மையால் நீர் தேங்கும் வாய்ப்பும், சுண்ணாம்பு கலந்திருக்கும் வாய்ப்பும், காரநிலை உயர்ந்திருக்கும் வாய்ப்பும் அதிகம். உழவர் 'சுக்கான்' எனக் குறிக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் மேல்மண்ணுக்குக் கீழே அடுக்காகக் கிடப்பதும் உண்டு. மாவட்டத்தின் கிழக்கே பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுவதும், மாவட்டத்தில் சிமெண்டு ஆலை இயங்குவதும் இந்நிலத்தில் சுண்ணாம்பு அரிதன்று என்பதை உணர்த்துகின்றன.

எனினும் வட்டத்தின் பெயரைக் கொண்டு ஒரு தோப்பின் மண்ணை முடிவு செய்யலாகாது. ஒரே உழவரின் நிலத்தில் மேட்டுப்பகுதி செவலாகவும் தாழ்பகுதி கரிசலாகவும் இருக்கலாம். மேட்டுக் கன்றுகள் பசுமையாகவும் தாழ்பகுதிக் கன்றுகள் வெளிறியும் காணப்பட்டால், அந்த எல்லைக்கோடே முதல் தடயம்.

நோயல்லாத நிறம்

நிறமாற்றம் அனைத்தும் நோயன்று. மாவின் தளிர் செம்பு நிறத்திலோ, இளஞ்சிவப்பிலோ, ஊதாச் சாயலிலோ தோன்றி, பின் வெளிர்பச்சையாகி, சில வாரங்களில் கரும்பச்சையாக முதிர்கிறது. தளிரில் பச்சையம் நிறைவதற்கு முன் ஆந்தோசயனின் என்னும் நிறமி மிகுந்திருப்பதே செம்மைக்குக் காரணம். மிகையான ஒளியிலிருந்து இளந்திசுவைக் காப்பது இந்நிறமியின் பணிகளுள் ஒன்றெனக் கருதப்படுகிறது. இப்பருவத்தில் தளிர்கள் துவண்டு தொங்குவதும் இயல்பே. இதனை வாடல் எனக் கொண்டு நீரை மிகுப்பதும், செம்மையை நோயெனக் கொண்டு மருந்து தெளிப்பதும் வீண் செலவு.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே அறிந்திருந்தது. தொல்காப்பிய மரபியல் இலை, முறி, தளிர், குழை முதலியவற்றை மரத்திற்குரிய சொற்களாகத் தனித்தனியே குறிக்கிறது. தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவங்களுக்குத் தனிப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. சங்க இலக்கியம் மாந்தளிரின் நிறத்தை மாமை எனப் பெண்ணின் அழகுக்கும், அது கெட்டுத் தோன்றும் வெளிறலைப் பசலை எனப் பிரிவின் துயருக்கும் உரியதாக்கியது. தளிரின் செம்மை நலத்தின் அடையாளம் என்பதும், வெளிறல் நலக்கேட்டின் அடையாளம் என்பதும் அந்த உவமை மரபிலேயே அடங்கியுள்ளன. இலையின் பருவத்தைச் சொல்லும் இச்சொற்கள் காரணம் அறிவதற்கும் பயன்படும் கருவிகள். 'இலை மஞ்சளாகிவிட்டது' என்னும் கூற்றைக் காட்டிலும் 'கொழுந்து வெளிறிவிட்டது' என்னும் கூற்றும் 'அடியிலை பழுத்துவிட்டது' என்னும் கூற்றும் மிகுதியான செய்தியைத் தருகின்றன.

முதிர்ந்த அடியிலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வதும் இயல்பே. தளிர்விட்டபின் இலைகள் கரும்பச்சையாகாமல் வெளிர்மஞ்சளாகவே நின்றுவிட்டாலோ, அடியிலைகள் வரிசையாகப் பழுத்துக்கொண்டே வந்தாலோ மட்டுமே கவலைக்கு இடமுண்டு.

இலையின் வயது உணர்த்தும் செய்தி

செடிக்குள் சத்துகள் நகரும் தன்மை ஒன்றுபோல் இருப்பதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை நகரும் சத்துகள். மண்ணிலிருந்து இவை போதிய அளவில் கிட்டாதபோது, செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து இவற்றை எடுத்து வளரும் நுனிக்கு அனுப்புகிறது. ஆகவே இவற்றின் குறை முதலில் அடியிலைகளில் தெரியும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான், சுண்ணாம்புச்சத்து ஆகியவை எளிதில் இடம்பெயர்வதில்லை. முதிர் இலையில் இவை இருந்தாலும் கொழுந்துக்கு உதவுவதில்லை. ஆகவே இவற்றின் குறை கொழுந்தில் வெளிப்படும்.

இந்த ஒரு விதியே காரணங்களின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதே கன்றின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கொழுந்தில் தோன்றும் வெளிறல்

கொழுந்திலையின் நரம்புகள் பசுமையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாவது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். நிலை முற்றினால் இலை முழுவதும் ஏறத்தாழ வெண்மையாகி, நுனி காயும். இரும்பு பச்சையத்தின் உறுப்பன்று. எனினும் பச்சையம் உருவாவதற்கு இன்றியமையாதது.

மண்ணில் இரும்பு இல்லாமையால் இக்குறை நேர்வது அரிது. இருக்கும் இரும்பு கரையாமையே பெரும்பாலும் காரணம். மண்ணின் கார அமில நிலை ஓர் அலகு உயரும்போது கரைந்த நிலையிலுள்ள இரும்பின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாமல் போவது இதனால்தான். பாசன நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தாலும் இந்நிலையே ஏற்படும். சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெண்மையாகப் படியும் உப்பு இதனைக் காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்பு மண்ணில் நீரை மிகுதியாகப் பாய்ச்சி ஈரத்தைத் தேக்கினால், வேர்கள் வெளியிடும் கரியமில வாயு மண்ணிலேயே தங்கிப் பைகார்பனேட்டாகி வெளிறலை மேலும் கூட்டும். மஞ்சளைக் கண்டு நீரைக் கூட்டுவது இங்கு எதிர்விளைவைத் தருகிறது. யூரியாவும் அவ்வாறே. தழைச்சத்து புதிய தளிர்களைத் தூண்டுகிறது. புதிய தளிர்களுக்குப் புதிதாக இரும்பு தேவை. அது கிட்டாத நிலையில் வெளிறிய இலைகளின் எண்ணிக்கையே பெருகுகிறது.

நட்ட முதலாண்டில் பசுமையாக இருந்த கன்று இரண்டாம் மூன்றாம் ஆண்டில் வெளிறுவது உழவரைக் குழப்பும் நிலை. நடவுக்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணும் 10 கிலோ தொழுவுரமும் கலந்து நிரப்புவது பரிந்துரைக்கப்பட்ட முறை. வேர் அந்நிரப்பு மண்ணுக்குள் இருக்கும்வரை கன்று அதன் வளத்தில் வாழ்கிறது. குழியின் எல்லையைத் தாண்டிச் சுக்கான் அடுக்கைத் தொடும்போது இரும்புக்குறை தலைகாட்டக் கூடும். கன்று திடீரென நோயுற்றதாக இதனைக் கருதலாகாது. நிலத்தின் உண்மையான தன்மை அப்போதே வேருக்குத் தெரியவருகிறது.

துத்தநாகக் குறையும் கொழுந்தில் தோன்றுவதே. ஆயினும் அதன் அடையாளம் நிறத்தைக் காட்டிலும் வடிவத்தில் மிகுதி. இலைகள் சிறுத்துக் குறுகி, கணுவிடை நீளாமல், நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். களைக்கொல்லியான கிளைபோசேட் காற்றில் சிதறிக் கன்றின் மீது பட்டாலும் ஒடுங்கிய இலைக்கொத்துகள் தோன்றும். தோப்பில் அண்மையில் களைக்கொல்லி தெளிக்கப்பட்டதா, பாதிப்பு தெளித்த பக்கத்தில் மட்டும் உள்ளதா என்பன இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். மாங்கனீசுக் குறையில் வெளிறல் மங்கலாகவும், நரம்பைச் சூழ்ந்த பசுமை அகலமாகவும் இருக்கும். சுண்ணாம்பு மண்ணில் இம்மூன்று குறைகளும் ஒருங்கே நேரலாம் என்பதால் கண்ணால் மட்டும் முடிவெடுப்பது போதாது.

அடியிலையில் தோன்றும் மஞ்சள்

அடியிலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிர்மஞ்சளாகி, கன்றின் வளர்ச்சியும் தளர்ந்திருந்தால் தழைச்சத்துக் குறையென ஐயுறலாம். மணற்பாங்கான செவலில், தொழுவுரம் இடப்படாத கன்றுகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓராண்டுக் கன்றுக்குத் தொழுவுரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம் எனப் பரிந்துரைத்து, ஆண்டுதோறும் அதே அளவைக் கூட்டிவரச் சொல்கிறது. இவ்வளவு கன்றுக்குக் கிட்டியதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

அடியிலையின் விளிம்பும் நரம்பிடைப் பகுதியும் மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டி ஆப்பு வடிவில் பசுமை எஞ்சியிருந்தால் மெக்னீசியக் குறை. பச்சைய மூலக்கூறின் நடுவில் அமைந்த தனிமம் மெக்னீசியமே. அடியிலையில் ஒழுங்கற்ற மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பின் விளிம்பு காய்ந்தால் சாம்பல்சத்துக் குறையைக் கருதலாம்.

முதிர் இலையும் இளம் இலையும் ஒருங்கே மஞ்சளாகி, கன்று சோர்ந்து நின்றால் கண்ணை இலையிலிருந்து வேருக்குத் திருப்ப வேண்டும். களிமண் குழியில் நடப்பட்ட கன்றைச் சுற்றி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் தேங்கினால் வேர் மூச்சடைக்கும். மூச்சடைத்த வேர் எச்சத்தையும் உறிஞ்சாது. ஒட்டுப்பகுதி மண்ணுள் புதையுமாறு ஆழமாக நடுதல், நெகிழிப் பையை முழுவதும் அகற்றாமல் நடுதல், பைக்குள்ளேயே சுருண்ட வேருடன் நடுதல் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றை எந்த இலை ஆய்வும் காட்டாது. மண்வெட்டியே காட்டும்.

விளிம்புக் கருகல்: உப்பின் அடையாளம்

முதிர் இலையின் நுனியிலும் விளிம்பிலும் தொடங்கி உள்நோக்கிப் பரவும் பழுப்புநிறக் கருகல், மாவில் பெரும்பாலும் உப்பு நீரின் விளைவு. மா உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்த மரம். வேர் உறிஞ்சும் குளோரைடு, நீராவிப்போக்கின் முடிவிடமான இலை விளிம்பில் சேர்ந்து திசுவைக் கொல்கிறது. மிகுந்த குளோரைடு சாம்பல்சத்தின் பயன்பாட்டையும் தடுக்கிறது. எனவே கருகல் சாம்பல்சத்துக் குறையின் தோற்றத்தையே ஒத்திருக்கும்.

இவ்வொற்றுமையிலேயே ஓர் இடர் மறைந்துள்ளது. விளிம்புக் கருகலைச் சாம்பல்சத்துக் குறையென மட்டும் கொண்டு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் இட்டால், அவ்வுரம் பொட்டாசியம் குளோரைடு என்பதால், அதன் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு குளோரைடாகவே மண்ணில் சேரும். 300 கிராம் சாம்பல்சத்துக்காக இடப்படும் 500 கிராம் உரத்தில் ஏறத்தாழ 235 கிராம் குளோரைடு உண்டு. உப்பு நீர் பாயும் கன்றுக்கு அது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். அத்தகைய நிலத்தில் சாம்பல்சத்தைப் பொட்டாசியம் சல்பேட்டாக இடுவதே முறை. 300 கிராம் சாம்பல்சத்துக்கு அவ்வுரம் 600 கிராம் போதும்.

பாசன நீர் கொண்டுவரும் உப்பின் அளவு இதனினும் பெரிது. மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2 டெசிசைமன் உள்ள கிணற்றுநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,280 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். கன்றொன்றுக்கு நாள்தோறும் 20 லிட்டர் பாய்ச்சினால், மழையற்ற 100 நாளில் சுமார் இரண்டரைக் கிலோ உப்பு வேர்ப்பகுதிக்கு வந்து சேரும். கோடையில் நீராவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். மலையோரத்தைவிட்டுக் கிழக்கே கரிசல் சமவெளியை நோக்கிச் செல்லும்போதும், கோடையில் கிணற்று நீர்மட்டம் தாழும்போதும் இவ்விடர் கூடுவதை எதிர்பார்க்கலாம். ஆகவே நீர் மாதிரியைக் கோடையிலும் ஒருமுறை எடுத்துச் சோதிப்பது தேவை. பாசன நீரின் மின்கடத்துத்திறன் 0.7க்குக் கீழிருந்தால் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை எச்சரிக்கை தேவை. அதற்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் பொது வகைப்பாடு.

நாற்றங்கால் நிழலிலிருந்து நேராகக் கடுவெயிலுக்குக் கொண்டுவரப்பட்ட கன்றிலும் கருகல் தோன்றும். அது விளிம்போடு நில்லாமல், மேற்கு வெயில் படும் இலைப்பரப்பின் நடுவிலும் வெளிறிய திட்டாகத் தொடங்கும். புதிய தளிர்களில் அது தொடர்வதில்லை.

நுண்ணுயிரும் பூச்சியும்

சத்துக்குறை இலையின் இருபாதியிலும் ஏறத்தாழ ஒத்த அமைப்பில் தோன்றும். கன்றின் எல்லாப் பக்கத்திலும் தெரியும். நோயும் பூச்சியும் அவ்வாறு ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. அவை புள்ளியாக, திட்டாக, ஒரு கிளையில் மட்டும், ஒரு கன்றிலிருந்து அண்டைக் கன்றுக்கு எனப் பரவும்.

ஈரமான காலத்தில் இளந்தளிரில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றுசேர்ந்து, காய்ந்த பகுதி உதிர்ந்து துளையானால் ஆந்த்ரக்னோஸ் என்னும் பூசண நோய். இலைப்பரப்பில் துருப்போன்ற செம்பழுப்புத் திட்டுகள் சற்றே உயர்ந்து வெல்வெட்டுப் போலக் காணப்பட்டால் செந்துரு நோய். பெயர் துருவென்றாலும் காரணம் பூசணமன்று, செபாலியூரோஸ் என்னும் பாசி. இதற்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கப்படுகிறது. தளிரில் வெண்பொடி படிந்திருந்தால் சாம்பல் நோய். இதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். நரம்புகளால் எல்லை வகுக்கப்பட்ட கோணவடிவக் கரும்புள்ளிகள் பாக்டீரிய நோயின் அடையாளம்.

இலைமேல் கருமை படிந்து, விரலால் தேய்த்தால் அகன்றுவிடுமானால் அது கரும்பூசணம். அது இலையைத் தாக்குவதில்லை. தத்துப்பூச்சி, செதிற்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை சுரக்கும் தேன்போன்ற கழிவின்மேல் வளர்கிறது. கருமையை நீக்க மைதாக் கஞ்சி தெளிப்பர். அது காய்ந்து உதிரும்போது படலமும் உடன் உதிரும். ஆயினும் பூச்சியை அடக்காதவரை படலம் மீளும். கொழுந்திலை கத்தரித்ததுபோல் வெட்டுண்டு தரையில் கிடந்தால் இலைவெட்டும் கூன்வண்டின் வேலை. இலையில் பரு எழும்பியிருந்தால் இலைக்கொப்புள ஈ.

இவ்வட்டாரத் தோப்புகளில் மாவோடு எலுமிச்சையும் நிற்குமானால் ஓர் எச்சரிக்கை தேவை. எலுமிச்சையில் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராத மஞ்சள் திட்டுகள், சாறுறிஞ்சும் சில்லிடுப் பூச்சியால் பரவும் பசுமையாக்க நோயாக இருக்கலாம். அந்நோய் எலுமிச்சைக் குடும்பத்திற்கே உரியது, மாவைத் தாக்குவதில்லை. ஒரே வேலிக்குள் இரு மரங்களும் மஞ்சளாக நிற்பதனால் காரணமும் ஒன்றென எண்ணலாகாது.

காரணம் அறியும் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது, கன்றின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் பின்வரும் வரிசையில் அமைகின்றன.

ஒன்று, நிறம் மாறியது தளிரா, முதிர்ந்த இலையா? செந்தளிரானால் சில வாரம் காத்திருப்பதே போதும். இரண்டு, மாற்றம் கொழுந்தில் தொடங்கியதா, அடியிலையில் தொடங்கியதா, எங்கும் ஒருங்கே உள்ளதா? மூன்று, இலையில் அது நரம்பிடையிலா, விளிம்பிலா, புள்ளியாகவா, முழுப்பரப்பிலா? நான்கு, இலையின் இரு பாதிகளும் ஒத்துள்ளனவா? ஐந்து, தோப்பில் எல்லாக் கன்றுகளுமா, தாழ்பகுதி மட்டுமா, வாய்க்கால் ஓரம் மட்டுமா, சிதறிய ஒன்றிரண்டா? ஆறு, எப்போது தொடங்கியது: மழைக்குப் பின்னா, கோடையிலா, உரமிட்ட பின்னா, களைக்கொல்லி தெளித்த பின்னா?

இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் மண்வெட்டியின் பணி. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சிறு குழி தோண்டி, நீர் தேங்கியுள்ளதா, வேர் வெளிர்நிறத்தில் உறுதியாக உள்ளதா, கறுத்து அழுகியுள்ளதா, சுக்கான் அடுக்கு எந்த ஆழத்தில் உள்ளது என்பவற்றைப் பார்க்க வேண்டும். தோண்டிய மண்ணின்மேல் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், சுண்ணாம்பு இருக்குமிடத்தில் நுரைத்துப் பொங்கும். இவை இரண்டும் அரை மணி நேர வேலை, செலவும் பெரிதன்று.

அடுத்தது ஆய்வுக்கூடம். பழத்தோட்டத்திற்கு மேல்மண்ணை மட்டும் எடுத்தல் போதாது. 0-30, 30-60, 60-90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனி மாதிரிகள் தேவை. பசுமையான கன்றின் அடியிலும் வெளிறிய கன்றின் அடியிலும் வேறுவேறாக எடுத்து ஒப்பிட்டால், தனி ஒரு மாதிரி தராத விடை கிடைக்கும். கார அமில நிலை, மின்கடத்துத்திறன், சுண்ணாம்பின் அளவு, நுண்ணூட்டங்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். வளர்ந்த மரத்தின் இலை ஆய்வுக்கு 4 முதல் 7 மாத வயதுடைய, கிளையின் நடுப்பகுதி இலைகளை எடுப்பது வழக்கம். வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடமும், அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் மாவட்ட உழவர் அணுகத்தக்க இடங்கள்.

ஆய்வறிக்கை வருமுன்பே கன்றில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து ஒரு கிளையில் மட்டும் தெளிக்க வேண்டும். இரண்டாவது கிளையில் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த தெளிநீரும், மூன்றாவது கிளையில் வெறும் நீரும் தெளித்து அடையாளமிட வேண்டும். காலையிலோ மாலையிலோ தெளிப்பது நல்லது. இரண்டு வாரத்தில் எந்தக் கிளையின் கொழுந்து பசுமையடைகிறதோ அதுவே விடை. எக்கிளையும் மாறாவிட்டால் அதுவும் ஒரு விடையே: காரணம் வேரிலோ நீரிலோ உள்ளது.

தீர்வும் அதன் எல்லையும்

இலைவழித் தெளிப்பு விரைவான தீர்வு, நிலையான தீர்வன்று. இரும்பு நகராத சத்தாதலால், இன்று தெளித்த இரும்பு நாளை வரும் தளிருக்கு உதவாது. ஒவ்வொரு தளிர்ப்பருவத்திலும் மீண்டும் தெளிக்க நேரும். சுண்ணாம்பு மண்ணில் வெறும் இரும்பு சல்பேட்டைக் கொட்டினால் அது விரைவில் கரையா வடிவத்திற்கு மாறிவிடும். இ.டி.டி.ஏ. வகைக் கீலேட்டும் காரநிலை உயர்ந்த மண்ணில் நிலைப்பதில்லை. இ.டி.டி.எச்.ஏ. வகைக் கீலேட்டே அத்தகைய மண்ணில் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். அமெரிக்காவின் தென்புளோரிடாவில் சுண்ணாம்புப் பாறை நிலத்து மாந்தோப்புகளில் இவ்வகையே மண்வழி இடப்படுகிறது. அதன் விலை கூடுதல் என்பதால், காரணம் உறுதிப்படாமல் வாங்குவது பொருத்தமன்று.

மக்கிய தொழுவுரத்தை வேர்ப்பரப்பில் இட்டு மூடாக்கு அமைத்தல், நீரை அளவோடு இடைவெளிவிட்டுப் பாய்ச்சுதல், தாழ்பகுதியில் வடிகால் அமைத்தல் ஆகியவை இரும்புக்குறை, உப்புக்கருகல், நீர்த்தேக்கம் மூன்றுக்கும் பொதுவாகப் பயன்தருவன. உப்பு சேர்ந்த மண்ணில் பருவமழை நீரைக் கன்றைச் சுற்றி வடியவிட்டு உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே இறக்க வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் இது பயன்படாது. புதிய தோப்பு அமைப்போர் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்துச் செலுத்தலாம். இஸ்ரேலில் தேர்ந்தெடுக்கப்பட்ட '13-1' என்னும் மா வேர்ச்செடி சுண்ணாம்பு மண்ணையும் உப்பு நீரையும் தாங்குவதற்கெனவே பயன்படுத்தப்படுகிறது. ஒட்டின் மேற்பகுதி சப்பட்டையாக இருந்தாலும் நிலத்தோடு உறவாடுவது அதன் கீழுள்ள வேர்ச்செடியே என்பதை இது உணர்த்துகிறது.

ஏற்கெனவே கருகிய இலைப்பகுதி எம்மருந்தாலும் பசுமையாவதில்லை. தீர்வு பலித்ததா என்பதைப் பழைய இலையில் தேடாமல் அடுத்த தளிரில் தேட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பொறுமையிழந்து ஒரே வாரத்தில் யூரியா, நுண்ணூட்டக் கலவை, பூச்சிமருந்து மூன்றையும் ஒருங்கே இட்டால், கன்று தேறினாலும் எதனால் தேறியது என்பது தெரியாமற்போகும். அடுத்த ஆண்டு அதே மஞ்சள் மீண்டும் தோன்றும்போது உழவர் மூன்றையும் மீண்டும் வாங்க நேரும்.

முடிவுரை

மாங்கன்றின் இலை நிற மாற்றம் ஒரு நோயின் பெயரன்று. பல காரணங்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் செவலும் கரிசலும், மலையூற்றும் சமவெளிக் கிணறும் அருகருகே அமைந்திருப்பதால், ஒரு தோப்பில் பலித்த மருந்து அடுத்த தோப்பில் பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. கொழுந்தின் நரம்பிடை வெளிறல் சுண்ணாம்பையும் இரும்பையும், அடியிலையின் சீரான மஞ்சள் தழைச்சத்தையும், முதிர் இலையின் விளிம்புக் கருகல் உப்பு நீரையும், ஒழுங்கற்ற புள்ளிகள் நோய் பூச்சிகளையும் சுட்டுகின்றன. இவை சுட்டுதல் மட்டுமே. மண்வெட்டியும் மண், நீர் ஆய்வும் ஒருகிளைத் தெளிப்புச் சோதனையுமே அவற்றை உறுதிசெய்யும். தளிர், கொழுந்து, பழுப்பு எனப் பருவம் பிரித்துப் பேசும் தமிழ்ச்சொற்களை உழவரும் உரக்கடையினரும் வேளாண் அலுவலரும் தம் உரையாடலில் ஆண்டாலே, பொருந்தாத மருந்துகளில் ஒரு பகுதி கன்றை அடையுமுன் தவிர்க்கப்படும்.